நம்முடைய டாக்டர்

என் தாயார் காலமானது ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில். சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தாள். மூக்குக் கண்ணாடிகூட நழுவவில்லை. மடியில் பத்திரிகை விரித்தபடி கிடந்தது. காலையில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்த டாக்டரே மறுபடியும் வந்தார், நாடியைப் பார்த்தார், ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். "புண்ணியவதி, கஷ்டப்படாமல் போய்விட்டாள்" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று நான் படித்துப் பார்க்கவில்லை. மயானத்தில் கேட்டார்கள், கொடுத்தேன்.

இத்தனை காலம் கழித்து அந்தக் காகிதம் என் தூக்கத்தைக் கெடுப்பதற்குக் காரணம், ஹரால்ட் ஷிப்மன் என்னும் ஆங்கிலேய டாக்டரின் சரித்திரத்தைப் படித்ததுதான்.

கொலைகாரன் என்றதும் நம் மனத்தில் ஓர் உருவம் எழுகிறது அல்லவா? இருட்டுச் சந்து, கையில் கத்தி, சிவந்த கண்கள். ஷிப்மனோ தாடியும் மூக்குக் கண்ணாடியுமாக, கையில் மருந்துப் பையுடன், பட்டப் பகலில் வீடு தேடி வந்த மனிதர். மாஞ்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்ற ஊரில் அவருக்கு இருந்த பெயரைச் சொல்லி முடியாது. கூப்பிட்டால் வருவார், கிழவிகளிடம் உட்கார்ந்து பேசுவார். அவரிடம் நோயாளியாகச் சேர ஜனங்கள் காத்திருந்தார்களாம்.

'அவர்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன், பாருங்கள். 'அவன்' என்று எழுதவேண்டிய இடம். ஆனால் டாக்டர் என்று எழுதியதும் பேனா தானாகவே மரியாதை கொடுத்துவிடுகிறது. ஹைட் ஜனங்களுக்கு நேர்ந்ததும் இதுதான்.

1946-ல் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். பதினேழாம் வயதில் தாயாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். வேதனை தணிய வீட்டு வைத்தியர் மார்பியா ஊசி போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளை. அதுதான் அவருடைய புத்தியைக் கெடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. தாயாருக்கு அந்த ஊசி போடுவதைப் பார்த்த பிள்ளைகள் உலகில் எத்தனையோ லட்சம். அவர்களெல்லாம் ஊசியும் கையுமாகவா அலைகிறார்கள்?

1976-ல் டாட்மார்டன் என்ற ஊரில் பொய்ச் சீட்டு எழுதிப் பெதிடின் என்ற மயக்க மருந்தை வாங்கித் தமக்கே போட்டுக்கொண்டதற்காக 600 பவுன் அபராதம் கட்டினார். டாக்டர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கவில்லை. மறு வருஷமே ஹைட்டில் வைத்தியம் செய்ய ஆரம்பித்துவிட்டார். 1992 முதல் தனியாகவே வைத்தியசாலை நடத்தினார். பக்கத்திலிருந்து பார்க்க வேறொரு டாக்டரும் இல்லாமற்போயிற்று.

அவர் கொன்ற விதத்தில் ஆர்ப்பாட்டம் ஒன்றுமில்லை. புற்றுநோயாளிகளின் பெயரைச் சொல்லி வாங்கிப் பதுக்கிய டயமார்பினை ஊசியில் ஏற்றிக் கையில் போட்டுவிடுவார். சில நிமிஷங்களில் மூச்சு நின்றுவிடும். இறந்தவர்களில் பலர் உடுத்திய உடையுடன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பெரும்பாலும் பிற்பகலில் காணப்பட்டார்கள். இதைப் படித்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

சந்தேகம் யாருக்குமே வரவில்லை என்று நினைக்கவேண்டாம். கிழவிகளைத் தன் வண்டியில் ஏற்றிச் செல்லும் டாக்ஸிக்காரர் ஒருவர், தம் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போவதைக் கண்டு மனத்துக்குள் கணக்கு வைத்திருந்தார். ஆனால் டாக்டருக்கு எதிராக டாக்ஸிக்காரர் சொன்னால் யார் கேட்பார்கள்? சவ அடக்கம் செய்யும் குடும்பத்தாருக்கும் ஐயம் பிறந்தது. அந்த நாட்டில் அந்தக் காலத்தில் உடலைத் தகனம் செய்ய இரண்டாவது டாக்டர் ஒருவரும் கையெழுத்திடவேண்டியிருந்தது. அதற்குக் கட்டணமும் இருந்தது. வைத்தியர்கள் அதை வேடிக்கையாகச் 'சாம்பல் காசு' என்று சொல்லிவந்தார்கள். எதிர்ச்சாரியில் இருந்த வைத்தியசாலையார்தான் ஷிப்மனுக்காக அந்தக் கையெழுத்தைப் போட்டுவந்தார்கள். அங்கே புதிதாக வந்த டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ் என்ற அம்மையார் 1998 மார்ச்சில், 'இத்தனை சாவா?' என்று மரண விசாரணை அதிகாரியிடம் போய்ச் சொன்னார். போலீஸார் விசாரித்தார்கள். பழைய அபராதத்தைக்கூடத் தேடிப் பார்க்காமல் ஏப்ரலில் விசாரணையை முடித்துவிட்டார்கள். அதன் பிறகு இன்னும் மூன்று பேர் மாண்டார்கள்.

அந்த மூவரில் கடைசியானவர் காத்லீன் கிரண்டி அம்மையார். வயது 81. ஜூன் 24-ந் தேதி காலமானார். சொத்து முழுவதையும் டாக்டருக்கு எழுதிவைத்த உயில் ஒன்று வெளிவந்தது. எழுத்து கோணலும் மாணலுமாக டைப் அடித்திருந்தது. அம்மையாரின் மகளோ வக்கீல்! உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள், மார்பியா இருந்தது. உயிலில் டாக்டரின் கைரேகை. அதை அடித்த டைப்ரைட்டர் அவர் வைத்தியசாலையில். அம்மையாருக்குப் போதைப் பழக்கம் இருந்தது என்று குறிப்புகளில் பின்னால் சேர்த்திருந்தார். எந்த நிமிஷத்தில் சேர்த்தார் என்பதைக் கம்ப்யூட்டர் தன் வயிற்றுக்குள் எழுதி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

2000 ஜனவரி 31-ந் தேதி 15 கொலைகளுக்காக ஆயுள் தண்டனை கிடைத்தது. பின்னர் ஜேனட் ஸ்மித் என்ற நீதிபதி அம்மையார் நடத்திய விசாரணையில் 215 பேர் என்று தெரிந்தது. 171 பெண்கள், 44 ஆண்கள். உண்மைத் தொகை 250 அளவில் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டார். ஏன் செய்தார் என்பதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. 2004-ல் சிறையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒவ்வொரு மரணத்தையும் வேறொரு டாக்டர் பரிசீலிக்கவேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் சட்டமாக அமுலுக்கு வந்தது 2024 செப்டம்பரில்தான்.

எங்கள் டாக்டர்மீது எனக்குச் சந்தேகமா? கிடையவே கிடையாது. என் குழந்தைகளின் ஜுரத்துக்கெல்லாம் நடுநிசியில் எழுந்து வந்தவர். ஆனாலும் அதைத்தானே ஹைட்டிலும் சொன்னார்கள் என்று மனம் குடைந்தது. ஒரு நாள் துணிந்து அவரிடமே போனேன். "அம்மாவுக்கு அன்றைக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறீர்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் முகம் சிவந்துவிட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேதியைத் தேடி, ரத்த அழுத்தம், காலையில் கொடுத்த மாத்திரை, நாடி நின்றிருந்த நேரம் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துக் காட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முப்பது வருஷமாக எழுதி வைக்கிறேன். இதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார்.