பேட்டர்ன் மேசையின் ஸ்கேல்களும் வளைவுகளும்

உடுப்புக்கான பேட்டர்ன் வரைய நேர் ஸ்கேல், எல் ஸ்கேல், வளைவு ஸ்கேல், அளவு டேப் ஆகிய நான்கு கருவிகள் அடிப்படையானவை. திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் கணினியில் பேட்டர்ன் போடுவது பரவலாகிவிட்டது. ஆனாலும் சாம்பிள் மேசையில் தாள் பேட்டர்னைத் திருத்தும் பேட்டர்ன் மாஸ்டரும், தெருமுனைக் கடையில் ரவிக்கை வெட்டும் டெய்லரும் இந்த நான்கைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

தையல் மேசையில் அங்குலம் எட்டு நூலாகப் பிரியும். பேட்டர்னில் முன் பாகத்தின் பாதியையும் பின் பாகத்தின் பாதியையும் மட்டுமே வரைவார்கள்; துணியை மடித்து வெட்டும்போது பக்கத் தையலுக்கு நான்கு ஓரங்கள் கிடைக்கும். ஓர் ஓரத்தில் ஒரு நூல் பிசகினால் சுற்றளவில் நான்கு நூல், அதாவது அரை அங்குலம் பிசகும். உடலை ஒட்டித் தைக்கும் ரவிக்கையில் கொக்கி மாட்டச் சிரமப்படுவதற்கு அதுவே போதும். ஆகவே ஸ்கேலை வாங்கும் இடத்திலேயே சோதித்துப் பார்ப்பது வீண் கெடுபிடி ஆகாது.

நேர் ஸ்கேலின் ஓரத்தை ஒட்டித் தாளில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு ஸ்கேலின் இரு முனைகளையும் இடம் மாற்றி, அதே ஓரத்தால் அதே கோட்டின் மேல் மறுபடி இழுக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் ஓரம் வளைந்திருக்கிறது. எல் ஸ்கேலுக்கும் இதே வழிதான்: ஒரு நேர்கோட்டில் செங்குத்துக் கோடு போட்டு, கருவியைப் புரட்டி வைத்து அதே புள்ளியில் இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மூலை சரி. விலகினால், தெரியும் விலகலில் பாதி கருவியின் பிழை.

டேப்பை ஓர் எஃகு ஸ்கேலோடு ஒப்பிட வேண்டும். துணி டேப் நாள்பட நீளும்; கண்ணாடி இழை சேர்ந்தது குறைவாகவே நீளும். டேப்பின் முனைத் தகடு தளர்ந்திருந்தால் தொடக்க அளவே தவறிவிடும்.

பொருளுக்கும் குணம் உண்டு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலில் கட்டம் அச்சிட்டிருந்தால் தையல் விடுப்பை இணைகோடாகப் போடுவது எளிது. மெல்லியதாக இருந்தால் அதை ஓரத்தின் மேல் நிற்கவைத்து, கைக்குழிக் கோட்டோடு வளைத்தே அளந்துவிடலாம். மேலே அச்சிட்ட எண்கள் தேய்ந்து அழியும். செதுக்கிய கோடுகள் நிலைக்கும். மேற்பூச்சில்லாத அலுமினியம் வெளிர் துணியில் சாம்பல் கறை விடும். மரம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் நெளியும். எதையும் சுவரில் சாய்த்து வைக்காமல் ஆணியில் தொங்கவிடுவது நல்லது.

வளைவைத் தேர்வதில்தான் தொழிலறிவு தெரியும். கைக்குழி வளைவின் ஒரு பக்கம் கூர்ந்தும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்க வேண்டும். ரவிக்கையின் முன் கைக்குழி பின் கைக்குழியைவிட ஆழமாகக் குடையப்படுவதால் ஒரே துண்டு வளைவு இரண்டுக்கும் பொருந்தாது. தோள்முனை, மார்பின் குறுக்களவு, அக்குள் ஆகிய மூன்று புள்ளிகளையும் முதலில் குறித்துவிட்டு, அவற்றைத் தொடும் பகுதி கிடைக்கும்வரை வளைவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இடுப்பு வளைவு நீளமானது. அதன் வளைந்த பக்கம் இடுப்பை நோக்கியும் தட்டைப் பக்கம் கீழ்நோக்கியும் அமையும். ஓரத்தில் எண்கள் உள்ள வளைவானால், பயன்படுத்திய பகுதியின் எண்ணைப் பேட்டர்னிலேயே எழுதிவைக்கலாம். அடுத்த முறை அதே கோடு பிசகின்றி வரும்.

வரைந்து முடித்ததும் முன், பின் பாகங்களின் தோள் தையல் கோடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது கடைசிச் சோதனை. கழுத்துக் கோடும் கைக்குழிக் கோடும் முனை தள்ளாமலும் பள்ளம் விழாமலும் ஒழுக வேண்டும். தட்டுப்பட்டால் கோட்டைத்தான் திருத்த வேண்டும். வளைவு ஸ்கேல் அப்படித்தான் இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

புதிதாகக் கற்பவருக்குப் பெரிய பெட்டித் தொகுப்பு தேவையில்லை. சோதித்து வாங்கிய ஒரு கட்ட ஸ்கேல், ஓர் எல் ஸ்கேல், ஒரு கைக்குழி வளைவு, ஓர் இடுப்பு வளைவு, நீளாத ஒரு டேப் ஆகியவை போதும். ஓர் உடுப்பைத் தொடங்கிய கருவிகளாலேயே அதை வரைந்து முடிக்க வேண்டும்.