நாலு சக்கர பைக்கும் தொண்ணூறு கிலோ மானும்

புனேவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஹிஞ்சவாடியில் ஏசிக்குள் உட்கார்ந்துகொண்டு முகம் தெரியாத யார் யாருக்கோ எதையெதையோ வரைந்து கொடுப்பதுதான் நம்ம பிழைப்பு. ஒரு நாள் கார் கதவுக்குக் கீல், இன்னொரு நாள் டிராக்டர் சீட்டுக்கு ஸ்பிரிங். போன வருஷம் வந்த ஆணி கொஞ்சம் விசேஷம். ஸ்காட்லாந்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஓட்டும் குவாட் பைக்கில், சுட்ட மானை ஏற்றிக்கொண்டு வர ஒரு கேரியர்.

வீட்டில் சொன்னதும் தங்கமணி, "மான் வேட்டையா? உள்ள தூக்கிப் போட்டுருவாங்க, வேற வேலை பாருங்க" என்றாள். அவள் சொல்வது நம்ம நாட்டுக்குச் சரி. 1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அங்கே கதை வேறு. மானைத் தின்ன ஓநாய் இருந்தது. அதைச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒழித்துக்கட்டிவிட்டார்கள். இப்போது சுமார் 10 லட்சம் மான்கள். முளைத்து வரும் மரக்கன்றை எல்லாம் மேய்ந்துவிடுகின்றன. அதனால் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுடுகிறார்கள். அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு. ஸ்டாக்கர் என்று பெயர்.

அக்டோபரில் ஒரு வாரம் என்னை ஹைலேண்ட்ஸுக்கு அனுப்பி வைத்தார்கள். மழை, சேறு, குளிர். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த ஸ்டாக்கருக்கு அறுபது வயசிருக்கும். அதிகம் பேசமாட்டார். பைக்கில் மானைத் துரத்திக்கொண்டு போவார்கள் என்றுதான் இங்கே டீமில் பாதிப்பேர் நினைத்திருந்தார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து மானைச் சுடுவது அங்கே சட்டப்படி குற்றம். பைக்கைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, காற்று நம் முகத்தில் அடிக்கிற பக்கமாகப் பார்த்து நடக்க வேண்டும். கடைசியில் ஈரப் புல்லில் வயிற்றால் தவழ வேண்டும். பைக்குக்கு உண்மையான வேலை துப்பாக்கி வெடித்த பிறகுதான்.

சரி, அந்த வண்டியை எப்படித் தயார் செய்கிறார்கள்?

முதலில் டயர். கார் டயரில் 30 பிஎஸ்ஐ அடிப்போம். இதில் 3 முதல் 5 வரைதான். சேற்றில் புதையாமல் அப்பளம் மாதிரி பரந்து நிற்க வேண்டும். இடது வலது டயருக்கு நடுவே 1 பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பெட்ரோல் பங்க் கேஜில் இது தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் வேண்டும்.

அடுத்து சீட். நீளமாக இருக்கும். பார்த்ததும் நமக்கு "டபுள்ஸ் போகலாம்" என்றுதான் தோன்றும் :-) அது பின்னால் ஆள் உட்கார அல்ல. ஏற்றத்தில் ஓட்டுபவர் முன்னால் நகர வேண்டும், இறக்கத்தில் பின்னால், பக்கச் சரிவில் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். அவர் உடம்புதான் பாதி பேலன்ஸ். பின்னால் ஒருத்தர் உட்கார்ந்தால் அவர் அசைய முடியாது.

துப்பாக்கிக்கு மெத்தை வைத்த கடினமான உறை. அறையில் குண்டு இருக்கக் கூடாது. அதிர்வு டெலஸ்கோப்பை அசைத்துவிடும் என்பதால் உறையை ரப்பர் புஷ் வைத்து முன் ரேக்கில் மாட்டினோம். கயிறும் கத்தியும் முதலுதவிப் பெட்டியும் முன்னால்தான். பின் ரேக் முழுக்க மானுக்கு.

இங்கேதான் என் வயிற்றில் புளி கரைந்தது.

ஆண் மானின் குடலை மலையிலேயே எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் 70 முதல் 100 கிலோ. 290 கிலோ வண்டி, 80 கிலோ ஆள், 90 கிலோ மான் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். மான் இல்லாமல் நிற்கும் வண்டி 44 டிகிரி ஏற்றம் வரை பின்னால் கவிழாது. மானை ஏற்றியதும் அது 34 ஆகிறது. ஒரே ஒரு மான், பத்து டிகிரி காலி! அதுவும் அசையாமல் நிற்கும்போது. கல்லில் ஏறி இறங்கினால், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், இன்னும் கம்மி.

எங்க தாத்தா பாரவண்டி ஓட்டியவர். மூட்டை அடுக்கும்போது முன்பாரமா பின்பாரமா என்று நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக்கயிறு இறுகும். முன்பாரமானால் கழுத்தில் சுமை. நான் கம்ப்யூட்டரில் பார்த்தது அதே பின்பாரம்தான். இங்கே மாட்டுக்குப் பதில் மனுஷன்.

வாடிக்கையாளர் தரப்பில் ரேக்கை உயர்த்தி, கீழே ஒரு பெட்டி வைக்கச் சொன்னார்கள். கேட்லாக்கில் எடுப்பாக இருக்குமாம். எங்க டேமேஜரும், "கேட்டதைக் கொடுத்துட்டுப் போவோமே, நமக்கென்ன" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மீட்டிங்கில் அந்த ஸ்டாக்கரும் இருந்தார். என் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்த தன் நண்பர் இப்படி ஒரு ஏற்றத்தில்தான் வண்டிக்கடியில் போனார் என்றார். சாயங்காலம் வரை யாரும் தேடவில்லையாம். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் பெட்டியைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை.

ரேக்கை உயர்த்துவதற்குப் பதில் 100 மில்லிமீட்டர் இறக்கினோம். இன்னொரு 100 முன்னால் நகர்த்தினோம். இழந்த பத்து டிகிரியில் இரண்டுதான் திரும்பி வந்தது. வண்டி கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் இருக்க ஓட்டுபவருக்குப் பின்னால் வளைவாக ஒரு கம்பி பொருத்துவார்கள். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து புதிதாக விற்கும் வேலை ரக குவாட்களில் இது கட்டாயம். அதற்கும் ரேக்கில் இடம் விட்டோம்.

மீதி எட்டு டிகிரியை வரைபடத்தில் கொண்டுவர முடியாது. ஓட்டுபவர்தான் கொண்டுவர வேண்டும். மானோடு நேர் ஏற்றத்தில் ஏறாமல் சுற்றி வர வேண்டும். பெரிய மான் என்றால் ரேக்கை விட்டுவிட்டு, தரையோடு இழுத்து வரும் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் போட வேண்டும். தனி ஆளாக ஏற்ற ஒரு வழியை ஸ்டாக்கர் செய்து காட்டினார். மேட்டை ஒட்டினாற்போல் பள்ளத்தில் பைக்கைப் பின்பக்கமாக நிறுத்தினால் ரேக்கும் மேடும் ஒரே மட்டத்துக்கு வரும். தூக்கவே வேண்டாம், இழுத்தால் போதும். கொம்பு சக்கரத்தில் சிக்காமல், ஓட்டுபவர் முதுகில் குத்தாமல் தலையைத் திருப்பிக் கட்ட வேண்டும். சில எஸ்டேட்களில் இன்னமும் மட்டக்குதிரைமேல்தான் மானைக் கொண்டுவருகிறார்கள். குதிரைக்குத் தானாகவே கால் வைக்கத் தெரியும் என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பி வந்ததும் கடைசியாக ஒன்று செய்தேன். எவ்வளவு கிலோ ஏற்றலாம் என்ற ஸ்டிக்கர் எங்கள் படத்தில் ரேக்குக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் இருந்தது. அதை ரேக்கின் பின் விளிம்புக்கு மாற்றினேன். கயிறு கட்டக் குனிகிறவர் கண்ணில் நேராகப் படும். ஒரு ஸ்டிக்கருக்கு மூன்று மெயில், ஒரு கான்ஃபரன்ஸ் கால். கடைசியில் டேமேஜர், "சரிப்பா, வச்சுத் தொலை" என்றார்.

வைத்துவிட்டேன்.