மணி அடித்தால் நெட் போகும்

பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூரில் ஒரு முந்திரி வியாபாரி வீடு. ஃபோன் மணி அடித்தால் போதும், நெட் போய்விடும். மகனுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் வாரம் வேறு. அப்பா லைன்மேனைத் திட்டிக்கொண்டே இருந்தார். வந்து பார்த்தால் வெளியே கம்பத்தில் எல்லாம் சரி.

கோளாறு வீட்டுக்குள் இருந்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது, பேச்சுக்கு இருந்த அதே செம்புக் கம்பியில்தான் இணையமும் வந்தது. பேச்சு சுமார் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும். இணையம் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஓடும். இரண்டையும் பிரிப்பது ஸ்ப்ளிட்டர். ஆனால் கொட்டகைக்கு எப்போதோ இழுத்த எக்ஸ்டென்ஷன், ஸ்ப்ளிட்டருக்கு முன்பே பிரிந்து போயிருந்தது. அந்த ஃபோன் அடித்தபோதெல்லாம் இரைச்சல் மோடத்துக்குள் புகுந்தது.

லைன்மேன் செய்தது இவ்வளவுதான். எல்லா ஃபோனையும் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில் மோடத்தை மட்டும் மாட்டினார். டி.எஸ்.எல். விளக்கு அணையாமல் எரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்ததில் கொட்டகைக் கம்பி மாட்டிக்கொண்டது. அதை ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் மாற்றிக் கொடுத்தார்.

ரிசல்ட் அன்று ஃபோன் ஓயாமல் அடித்தது. நெட் போகவில்லை. திட்டிய அப்பாவே லைன்மேனுக்கு ஒரு பொட்டலம் முந்திரி கொடுத்தனுப்பினார்.