எப்பிங் காட்டில் இலையுதிர் காலம்

லண்டனிலுள்ள பிள்ளைகளைப் பார்க்க ஒக்டோபரில் போகக் கிடைத்தால், நகரின் வடகிழக்கேயுள்ள எப்பிங் காட்டுக்கும் போய்வாருங்கள். 1878ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் பொதுமக்களுக்கெனப் பாதுகாக்கப்பட்ட காடு அது.

பீச் மர இலைகள் செம்பு நிறமாகிக் கொட்டிக் கிடக்கும். வெண்பட்டை பேர்ச் மரத்தடியில் வெள்ளைப் புள்ளியிட்ட சிவப்புக் காளான் குடை விரித்திருக்கும். நாம் காண்பது அதன் கனி மாத்திரமே. உடல் மண்ணுக்குள் நூல் நூலாய் ஓடுகிறது. அந்நூல்கள் மரவேருக்கு நீரும் உப்புச்சத்தும் கொடுத்து, இலைகள் ஆக்கிய சீனியை வாங்கிக்கொள்கின்றன. உதிர்ந்த சருகை மக்கச் செய்வதும் வேறு காளான்களே. அல்லாஹ்வின் ஏற்பாடு எத்தனை நுட்பமானது!

ஆனால் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்புக் காளான் நஞ்சு. இன்னும் சில, உண்ணும் காளான் போலவே தோன்றும். சமைத்தாலும் நஞ்சு போகாது. அங்கே காளான் பறிப்பதும் தடை. கண்குளிரப் பாருங்கள், கறிக்குக் கடையில் வாங்குங்கள்.