கேரவனைத் தூக்கிக் கட்டுவதற்கு முன்

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், டெர்பியிலிருந்து குனுனுர்ரா பக்கமாகப் போகும் கிப் ரிவர் ரோடு சுமார் 660 கிலோமீட்டர். பண்ணைகளிலிருந்து மாடுகளை லாரியில் ஏற்றிப்போக 1960களில் போட்ட பாதை. இன்றும் பெரும்பகுதி மண்தான். மழை ஓய்ந்த மாதங்களில், பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் கேரவனை இழுத்துக்கொண்டு இந்தப் பாதையில் கிளம்புவது அங்கே வழக்கம். கிளம்புமுன் பலர் பட்டறையில் கேட்பது ஒன்றுதான்: பெரிய டயர் போட வேண்டும், அதற்கு வண்டியைத் தூக்கிக் கட்டித் தர முடியுமா? முடியும். ஆக்சிலுக்குக் கீழே தொங்கும் கமான்பட்டையைக் கழற்றி ஆக்சிலுக்கு மேலே உட்கார வைத்து, யு-போல்ட் போட்டு முடுக்கினால் வண்டி எழுந்து நிற்கும். ஆனால் தார்ச்சாலைக்கென்று செய்த கேரவனுக்கு இது பெரும்பாலும் தப்பான இடத்தில் செய்யும் செலவு என்பதே என் கட்சி.

கணக்கைப் பார்க்கலாம். 235/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறக்குறைய 734 மில்லிமீட்டர். 265/75 ஆர் 16 டயருக்கு 804. வித்தியாசம் 70, ஆக்சில் சக்கரத்தின் நடுவில் இருப்பதால் அது தரையிலிருந்து எழும்புவது அதில் பாதி, 35 மில்லிமீட்டர். இப்போது பட்டையை மாற்றிப் போடுவதைக் கவனியுங்கள். ஆக்சில் 50 மில்லிமீட்டர் சதுரம், பட்டைக் கட்டில் 8 மில்லிமீட்டர் தடிமனில் ஏழு பட்டை என்றால், உடல் 106 மில்லிமீட்டர் உயரும். ஆக்சில் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. கல்லில் இடிக்கிற ஆக்சில் 35 மில்லிமீட்டர் மேலே போக, கட்டிலும் குளிர்பெட்டியும் அலமாரியும் சுமந்த பெட்டி கிட்டத்தட்ட 140 மில்லிமீட்டர் மேலே போகிறது. பட்டை ஆக்சிலுக்கு அடியிலிருந்து விலகுவதால் அங்கே கொஞ்சம் இடம் கிடைப்பது உண்மை. அதற்காக முழு வீட்டையும் கிளப்புவது பொருந்தாத பேரம்.

பேரத்தின் மறுபக்கம் தார்ச்சாலையில் தெரியும். வண்டி கவிழாமல் நிற்பதற்குப் பொறியாளர்கள் பார்க்கும் எளிய அளவு, இரு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்து வருவது. அகலம் 2 மீட்டர், எடைமையம் 1.2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 0.83 வரும். உயரத்தோடு 140 மில்லிமீட்டரைச் சேர்த்தால் 0.75; பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பிரேக் கதையும் அப்படித்தான். டிரம் அதே டிரம், அது தரும் முறுக்குவிசையும் அதே. சக்கரத்தின் ஆரம் மட்டும் நீண்டுவிட்டதால் தரையில் கிடைக்கும் பிரேக் விசை சுமார் 9 சதவீதம் குறையும். 10 அங்குல டிரம்மை 12 அங்குலமாக்கி இதைச் சரிக்கட்டலாம். செலவு இன்னொரு படி ஏறும். இழுக்கும் வண்டியின் கொக்கிக் குண்டையும் அதே அளவு உயர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் கேரவன் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு ஓடும். மூலைக் கால்கள் தரையை எட்டாமல் கட்டைத் துண்டுகளைத் தேட வேண்டிவரும். வாசற்படியும் உயரும், அறுபது தாண்டிய முழங்கால்களை இந்தத் திட்டத்தில் யாரும் கலந்தாலோசிப்பதில்லை.

இரட்டை ஆக்சில் வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு, அதைப் பலர் டயர் வாங்கிய பிறகுதான் பார்க்கிறார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர்கள். எவ்வளவு தூக்கிக் கட்டினாலும் அந்த இடைவெளி கூடாது. டயர் 70 மில்லிமீட்டர் பெருத்தால் அது முழு 70 மில்லிமீட்டர் சுருங்கும். பள்ளத்தில் ஆக்சில்கள் முன்பின்னாக அசையும்போதும் இரு டயர்களும் உரசாமல் இருக்க வேண்டுமே.

பெரிய டயரால் பயனே இல்லையா என்றால், உண்டு. பெரிய சக்கரம் குழியில் குறைவாக விழுகிறது. உள்ளே காற்று அதிகம் என்பதால் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டும்போது, பாதையின் குறுக்கே வரிவரியாக எழும்பிய மண் அலைகளின் அடியை மெத்தையாக வாங்கிக்கொள்கிறது. கேரவனின் அலமாரித் திருகுகளைக் கழற்றுவது அந்த அலைகள்தாம். ஆனால் இந்தப் பயன் டயருடையது, உயரத்துடையது அல்ல. இருக்கிற மட்கார்டுக்குள், பட்டை முழுதும் அமுங்கினாலும் உரசாமல் அடங்கும் மிகப் பெரிய டயரைப் போட்டு, மண்ணில் இறங்கியதும் சுமைக்கேற்பக் காற்றை இறக்கி, வேகத்தையும் குறைத்தால் இந்தப் பயனில் பெரும்பங்கு கைக்கு வந்துவிடும். இழுக்கும் ஜீப்புக்கு உயரம் வேண்டும், அது பாறையில் பிடித்து ஏற வேண்டிய வண்டி. கேரவன் சக்கரமோ பின்னால் உருண்டு வந்தால் போதும். ஜீப்பைப் பார்த்துக் கேரவனும் கெத்தாக நிற்க வேண்டும் என்ற ஆசை போட்டோவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இதற்குச் சொல்லும் மறுப்புகளில் கனமானது ஸ்டெப்னி பற்றியது. இழுக்கும் வண்டிக்கும் கேரவனுக்கும் ஒரே சக்கரம் இருந்தால், ஊரே இல்லாத நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் எந்த டயர் கிழிந்தாலும் எதிலிருந்தும் எடுத்து மாட்டலாம். நியாயம்தான். ஆனால் டயர் அளவு ஒத்துப்போனால் மட்டும் இது நடக்காது. ஹைலக்ஸுக்கு ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். 200 வரிசை லேண்ட்குரூசருக்கு ஐந்து போல்ட், 150 மில்லிமீட்டர். ஹப் ஒத்துவந்தாலும் ரிம் உள்ளே தள்ளி உட்காரும் அளவும் ஒத்துவர வேண்டும். இல்லையேல் டயர் சேசிஸில் உரசும் அல்லது மட்கார்டுக்கு வெளியே நீட்டும். இதையெல்லாம் சரிசெய்ய மனமுள்ளவருக்கு நான் தடை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் கேரவனுக்கென்று இரண்டு ஸ்டெப்னி எடுத்துப் போகலாம், அந்த எடையையும் சுமை வரம்புக்குள் கணக்கு வைத்துக்கொண்டு.

இன்னொரு மறுப்பை முழுதாக ஏற்கிறேன். ஆற்றுப் படுகையில் இறங்கி ஏறும்போது கேரவனின் நீண்ட வால் தரையில் இழுபடும். வண்டியின் தளத்துக்கு அடியில் தொங்கும் கழிவுநீர்க் குழாயும் தொட்டியின் திறப்பும் முதலில் உடையும். அங்கே உடல் உயர்வதுதான் மருந்து. அப்படி வால் இடிக்கிற வண்டிக்கும், ஹேங்கருக்கும் சேசிஸுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் பெட்டிக்குழாய் வைத்துப் பற்றவைப்பதும், குழாய்களை மேலே ஏற்றிக் கட்டுவதும் பல நேரம் போதும். உண்மையிலேயே கரடுமுரடான இடங்களுக்குத்தான் போவேன் என்பவருக்கு நடுவில் ஆக்சில் கம்பியே இல்லாத தனிச்சக்கர சஸ்பென்ஷன் இருக்கிறது. குரூஸ்மாஸ்டர் போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகளில் காற்றுப்பை வைத்ததை நெடுஞ்சாலையில் தாழ்த்தி, கரடான இடத்தில் உயர்த்திக்கொள்ளலாம். கமான்பட்டை வண்டியில் அதைப் பொருத்துவது சேசிஸைத் தொடும் வேலை, அதற்கேற்ற பொறியாளரின் கணக்கும் வேண்டும். அவ்வளவு பணம் போடுவதற்கு, தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்து வந்த பழைய வண்டி ஒன்றைத் தேடி மாற்றிக்கொள்வது மேல்.