அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில்

ஆடியில் வீடு மாறக்கூடாது என்று ஆவணி பிறக்கும்வரை காத்திருந்தது அந்தக் குடும்பம். ஊத்துக்கோட்டை பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம். மகனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை நிரந்தரமானதும், நிலத்தைப் பங்காளியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்தார்கள்.

சாமான் ஏற்ற ‘குட்டி யானை’ பேசினார்கள். வண்டியும் டிரைவரும் மட்டும்தான். ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் பாடு என்று பேச்சு. ஆள்கூலி மிச்சம் என்று விவசாயியும் சம்மதித்தார். 2005-ல் வந்த இந்தச் சின்ன வண்டி ஏறக்குறைய முக்கால் டன் தாங்கும். அதில் ஒன்றேகால் டன் ஏற்றிக்கொண்டு பின்பக்கம் தரையைத் தொடப் போகிறவர்களை ஜி.என்.டி. சாலையில் பார்க்காதவர் இல்லை.

இவர்கள் பாரத்தைச் சரியாகத்தான் ஏற்றினார்கள். பீரோ கேபினை ஒட்டி, ஃபிரிட்ஜ் படுக்காமல் நின்றபடி, நெல்லும் அரிசியும் அடியில். கோளாறு இடுக்கில் வந்தது. காலியாக இருந்த இடத்திலெல்லாம் கையில் கிடைத்ததைச் செருகினார்கள். அப்படித்தான் ஸ்பிரேயரும், பரணில் கிடந்த அரை பாட்டில் குளோர்பைரிபாஸும் ஒரு சாக்குப்பையில் சுற்றி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போயின. பீரோவை நெம்பித் தள்ளியபோது பாட்டில் சாய்ந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

கயிறு கட்டும்போது அந்த அம்மாவுக்குத்தான் வாடை அடித்தது. “இன்னாங்க, மருந்து நாத்தம் அடிக்குது?”

“நேரமாவுது அக்கா, அங்க போய்ப் பாத்துக்கலாம்” என்றார் டிரைவர்.

அவர் கேட்கவில்லை. கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். பாதி சாமான் மறுபடி தெருவுக்கு இறங்கியது. அரிசி மூட்டையின் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது.

சொந்த வயலில் விளைந்த பொன்னி அது. இனிமேல் கடை அரிசிதான் என்பதால் பார்த்துப் பார்த்து வைத்தது. நனைந்ததை மட்டும் அள்ளிக் கொட்டிவிட்டு மீதியைக் கழுவிக்கொள்ளலாம் என்றார் கணவர். கழுவினாலும் வேகவைத்தாலும் இந்த மருந்து முழுதாகப் போய்விடும் என்று நம்ப முடியாது. கோழிக்கும் மாட்டுக்கும்கூடப் போடக்கூடாது.

1958-ல் பம்பாயிலிருந்து கேரளத்துக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவில், கூடவே ஏற்றிய பாரத்தியான் மருந்து கசிந்து கலந்தது. அதைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் விசாரணைக்குப் பிறகு வந்ததுதான் 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். உணவுப்பொருளோடும் தீவனத்தோடும் படும்படி மருந்தை ஏற்றவோ வைக்கவோ கூடாது என்று 1971-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கப்பலுக்கு உள்ளது குட்டி யானைக்கும் உண்டு. வீட்டுச் சாமானோடு மருந்து போகவே வேண்டியதில்லை. மூடி இறுக்கி, லேபிளோடு அதே பாட்டிலில் நிலத்தில் பயிர் வைப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். வேறு பாட்டிலில் மாற்றக்கூடாது.

கணவர் கொஞ்ச நேரம் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு அதைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட, மேட்டு வரப்போரம் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். பாட்டிலும் ஸ்பிரேயரும் பங்காளி வீட்டு மருந்துப் பெட்டிக்குப் போயின. அந்த இடத்தில் பட்ட பாத்திரங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்த பிறகே ஏற்றினார்கள். டிரைவர் காத்திருந்ததற்குத் தனியாகப் பணம் கேட்டார், கொடுத்தார்கள். மிச்சம் பிடித்த ஆள்கூலி அதில் போயிற்று.

ஆரணி, கவரைப்பேட்டை தாண்டி வண்டி போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை பால் காய்ச்சிவிட்டு, அந்த அம்மா மகனை அனுப்பிக் கும்மிடிப்பூண்டி பஜாரில் பத்து கிலோ அரிசி வாங்கிவரச் சொன்னார்.