குறுக்கு வழி

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த காலமெல்லாம் பிதாகரஸ் தேற்றத்தை மனப்பாடப் பகுதியாகவே நடத்தினேன். ஏ முனையில் செங்கோணம், அங்கிருந்து பிசி என்ற கர்ணத்துக்கு ஏடி என்றொரு செங்குத்து, பிறகு வடிவொத்த முக்கோணங்கள். முக்கோணத்துக்கு பிகியூஆர் என்று பெயர் மாற்றினால் பாதி வகுப்பு பேனாவைக் கீழே வைத்துவிடும். அதுகூட என்னை உறுத்தியதில்லை.

மனப்பாடம் வராதவர்களுக்கென்று ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். சைன் ஸ்கொயர் தீட்டாவும் காஸ் ஸ்கொயர் தீட்டாவும் கூட்டினால் 1. இரு பக்கமும் கர்ணத்தின் வர்க்கத்தால் பெருக்கு, தேற்றம் வந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எனக்குக் கொஞ்சம் கர்வம்.

"அந்த ஒன்றையே பிதாகரஸ் வச்சுத்தானே சார் போட்டீங்க?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். உண்மைதான். பாடநூலிலும் அப்படித்தான் இருக்கிறது. "பரீட்சையில இதெல்லாம் கேக்கமாட்டான், உட்காரு" என்றேன். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தே சொன்னேன், அடுத்த வருஷமும் அதையே நடத்தினேன்.

நூற்றுக்கணக்கான நிரூபணங்களைத் தொகுத்த எலிஷா லூமிஸ், முக்கோணவியல் வழியில் இத்தேற்றத்தை நிறுவவே முடியாது என்று எழுதியவர். அவர் சொன்ன காரணமும் அந்தப் பெண் சொன்னதேதான். முடியும் என்று 2009-இல் ஜேசன் ஜிம்பா காட்டினார். 2023-இல் நியூ ஆர்லியன்ஸ் பள்ளி மாணவிகள் கல்சியா ஜான்சனும் நிகியா ஜாக்சனும் புது வழிகளில் நிறுவினார்கள். ஓய்வுபெற்ற பிறகு அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

பதில் அதே ஏடி கோட்டில் இருந்தது. கர்ணத்தைக் காஸ் பி-யால் பெருக்கினால் ஏபி. ஏபியை மறுபடி காஸ் பி-யால் பெருக்கினால் பிடி. ஆக, பிடி என்பது கர்ணம் பெருக்கல் காஸ் ஸ்கொயர் பி. அதேபோல டிசி என்பது கர்ணம் பெருக்கல் சைன் ஸ்கொயர் பி. பிடியும் டிசியும் சேர்ந்ததுதான் முழுக் கர்ணம். ஆகவே இரண்டு ஸ்கொயரும் கூட்டினால் 1. பிதாகரஸ் பக்கமே போகவில்லை. வாரக்கணக்கில் கரும்பலகையில் நானே வரைந்த படம் அது. மனப்பாடம் செய்தவன் கண்ணில் படவில்லை.

என்னிடம் படித்த யாராவது இதை வாசித்தால், சைன் ஸ்கொயரை எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லாமல் நான் எழுதிப்போட்ட அந்த நாலு வரியை அடித்துவிடுங்கள். அது நிரூபணம் இல்லை.